‘ஸ்டிக்மா’: குத்தப்பட்ட ஒரு குறியின் கதை

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

இன்று உங்களோடு ஒரே ஒரு சொல்லைக் குறித்துப் பேச விரும்புகிறேன். மருத்துவமனை அறிக்கைகளில் அந்தச் சொல் அடிக்கடி வரும். தொழுநோய், காசநோய், வலிப்பு, மனநோய், எச்.ஐ.வி. என்று எதைப் பற்றிப் பேசினாலும் டாக்டர்களும் செவிலியர்களும் அதைச் சொல்லுவார்கள். ‘ஸ்டிக்மா’ என்பதே அந்தச் சொல்.

இதைத் தமிழில் சொல்லும்போது களங்கம் என்கிறோம், வடு என்கிறோம், இழிவு என்கிறோம், சில வேளை சமுதாயப் புறக்கணிப்பு என்று நீட்டிச் சொல்லுகிறோம். எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. சந்திரனிலுள்ள கறையைக் களங்கம் என்கிறோம். அது சந்திரனிலேயே இருக்கிறது. காயம் ஆறினபின் தோலில் தானாக நிற்பது வடு. ‘ஸ்டிக்மா’ அப்படித் தானாக வருவதல்ல. அந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். விளங்கினால், நாம் செய்யவேண்டியது என்ன என்பதும் விளங்கும்.

சொல்லின் வேர்

கிரேக்க மொழியில் ‘ஸ்டிட்ஸோ’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. கூரான ஒன்றினால் குத்துகிறேன், புள்ளி வைக்கிறேன் என்பது அதன் பொருள். அப்படிக் குத்தியதால் உண்டாகும் அடையாளம் ‘ஸ்டிக்மா’. பலவாக இருந்தால் ‘ஸ்டிக்மாட்டா’. தையல் போடுவதைக் குறிக்கும் ‘ஸ்டிட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம். மொழிநூலார் இன்னொன்றும் சொல்லுகிறார்கள். வடமொழியில் கூர்மையைக் குறிக்கும் வேரிலிருந்து ‘தேஜஸ்’ என்ற சொல் வந்தது. அந்த வேரும் இந்தக் கிரேக்க வேரும் உடன்பிறந்தவை. முகத்தில் தேஜஸ் இருக்கிறது என்று நாம் ஒருவரைப் புகழ்கிறோமே, அந்தச் சொல்லும் முகத்தில் குத்தப்பட்ட இழிவின் குறியும் மூலத்தில் ஒரு தாய்ப் பிள்ளைகள்!

ஆகவே ‘ஸ்டிக்மா’ என்ற சொல்லுக்குள்ளேயே வெட்கம் எதுவும் இல்லை. அது வெறும் புள்ளி. எபிரெய வேதாகமத்தைப் பூர்வ காலத்தில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் உன்னதப்பாட்டில் இந்தச் சொல்லை வைத்தார்கள். எந்த இடத்தில் தெரியுமா? மணவாட்டிக்குச் செய்யும் பொன் ஆபரணத்தில் பதிக்கும் வெள்ளிப் புள்ளிகளுக்கு (உன்னதப்பாட்டு 1:11). நமது தமிழ் வேதாகமம் அதே இடத்தில் ‘பொட்டு’ என்ற அழகான சொல்லை வைத்திருக்கிறது. வனாந்தரச் சோதனையில் உலகத்தின் ராஜ்யங்களெல்லாம் ஒரு நொடியில் காட்டப்பட்டதாக லூக்கா எழுதுகிறார் (லூக்கா 4:5). அந்த ‘நொடி’க்கு அவர் வைத்த கிரேக்கச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். காலத்தின் ஒரு புள்ளி என்று பொருள்.

இன்றும் இந்தச் சொல் வேறு இடங்களில் நல்ல பெயரோடு வாழுகிறது. பூவின் பெண் உறுப்பில் மகரந்தம் வந்து ஒட்டிக்கொள்ளும் நுனிக்குத் தாவரவியலில் ‘ஸ்டிக்மா’ என்று பெயர். நம் பிள்ளைகள் பாடநூலில் அதைச் சூலகமுடி என்று படிக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதற்குக் ‘குறி’ என்றே பெயர். பாலில் போடும் குங்குமப்பூ என்பது முழுப் பூவல்ல. ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று சிவந்த ஸ்டிக்மாக்களை மட்டும் கையால் கிள்ளி உலர்த்துகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். அதனால்தான் அந்த விலை! கண் டாக்டர் ‘அஸ்டிக்மாடிசம்’ என்று எழுதினால் அதிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் வந்து சேரவில்லை, அதாவது ‘புள்ளி இல்லை’ என்பதே அதன் அர்த்தம்.

அப்படியானால் ஒரு புள்ளிக்கு இவ்வளவு வெட்கம் எங்கேயிருந்து வந்தது?

நெற்றியில் குத்திய மை

பழைய கிரேக்க நாட்டில் எஜமானை விட்டு ஓடிப்போன அடிமை பிடிபட்டால், அவன் நெற்றியில் ஊசியால் குத்தி மை ஏற்றுவார்கள். அவன் ஓடிப்போனவன் என்பதை எழுத்தாகவே குத்துவதும் உண்டு. குற்றவாளிகளுக்கும் யுத்தக் கைதிகளுக்கும் இப்படியே செய்தார்கள். கி.மு. 480-இல் தெர்மோப்பிலே யுத்தத்தில் சரணடைந்த தீப்ஸ் நகரத்தாருக்கு, பாரசீக ராஜாவாகிய சேர்க்சஸின் கட்டளைப்படி ராஜ முத்திரை குத்தப்பட்டதாக ஹெரோடோட்டஸ் என்னும் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தாரும் சாமோஸ் தீவினரும் யுத்தம் செய்தபோது, பிடிபட்டவர்களின் நெற்றியில் ஒரு பக்கத்தார் கப்பல் உருவத்தையும் மறுபக்கத்தார் ஆந்தை உருவத்தையும் குத்தினார்கள் என்று புளூட்டார்க் கூறுகிறார்.

இந்தக் குறிகளைக் காய்ச்சிய இரும்பினால் சுட்டார்கள் என்றே பலர் நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். மனிதரைப் பொறுத்தவரையில் பெரும்பாலும் அது ஊசியும் மையும்தான், அதாவது பச்சை குத்துதல்தான் என்று சி.பி. ஜோன்ஸ் என்னும் வரலாற்றறிஞர் 1987-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

ஏன் நெற்றி? மறைக்க முடியாத இடம் அதுதான். முதுகில் பட்ட அடியைச் சட்டை மறைக்கும். நெற்றியில் எழுதியதை, எதிரே வருகிற யாரும் வாசித்துவிடலாம். அந்த மனிதன் வாயைத் திறந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுமுன்பே, அவனைப் பற்றி மற்றொருவர் எழுதியது பேசத் தொடங்கிவிடும்.

இதே குத்தும் வேலை மற்றோர் இனத்தாரிடம் வேறு அர்த்தம் பெற்றது. திரேஸ் நாட்டில் பச்சை குத்திக்கொள்ளுவது உயர்குலத்தின் அடையாளம். குத்தாதவர்தான் அங்கே தாழ்ந்தவர் என்று அதே ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். நம் ஊர்ப் பாட்டிமாரின் கைகளை நினைத்துப் பாருங்கள். முழங்கை வரை கோலமும் புள்ளியுமாகப் பச்சை குத்தியிருப்பார்கள். அது அவர்களுக்கு அழகு, பெருமை. ஊசி ஒன்றுதான், மை ஒன்றுதான். யார் குத்தினார்கள், யாருடைய சம்மதத்தோடு குத்தினார்கள் என்பதில்தான் ஆபரணமும் அவமானமும் பிரிகின்றன.

மருத்துவ ஊழியத்தை ஆதரிக்கிற உங்களுக்கு இன்னொரு செய்தி. கிரேக்க நாட்டில் எப்பிதவுரஸ் என்ற ஊரில், சுகம் தேடி வியாதியஸ்தர் போய்த் தங்கும் பேர்பெற்ற கோயில் ஒன்று இருந்தது. அங்கே கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், சுகம் பெற்றவர்களாகச் சொல்லப்பட்டவர்களின் விவரம் இருக்கிறது. குருடர், முடவர் இவர்களோடு பாண்டரஸ் என்ற ஒரு மனிதனும் அதில் வருகிறான். அவனுக்குக் காய்ச்சலோ வலியோ இல்லை. நெற்றியில் இருந்த ஸ்டிக்மாட்டா நீங்கவேண்டும் என்றே வந்தான். நெற்றியில் கட்டிய துணியில் மறுநாள் அந்தக் குறிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன என்று கல்வெட்டு சொல்லுகிறது. அந்த அற்புதத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் நெற்றியிலுள்ள குறியும் சுகப்படவேண்டிய ஒன்றே என்று அன்றைக்கே மனிதர் அறிந்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் ஏட்டியஸ் என்னும் வைத்தியரும் தமது மருத்துவ நூலில் இந்தக் குறிகளை அழிப்பதற்கான மருந்துகளை எழுதிவைத்தார்.

முகத்தில் குத்தாதே

கி.பி. 316-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டான். சுரங்க வேலைக்கோ மற்போர்க் கூடத்துக்கோ தண்டிக்கப்பட்டவர்களுக்கு இனி முகத்தில் குறி குத்தக்கூடாது. காரணத்தையும் அந்தச் சட்டமே சொல்லுகிறது: மனித முகம் பரலோக அழகின் சாயலாய் உண்டாக்கப்பட்டது; அதைக் கெடுக்கலாகாது என்பது அதன் கருத்து. ஆனால் கையிலும் காலிலும் குத்தலாம் என்று அதே சட்டம் அனுமதித்தது. பாதி இரக்கம்தான். ஆனாலும் ஒரு குற்றவாளியின் முகத்தையும் தேவசாயலாகப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் ராஜாங்கச் சட்டத்தில் நுழைந்தது.

இதெல்லாம் தூர தேசத்துப் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் அவர்கள் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் சட்டமாகவே இருந்தது. வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டு ஒழுங்குச் சட்டம் இதை விதித்தது. பின்பு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கைதிகள் தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டி அதை மறைக்கப் பார்த்தார்கள். 1849-இல்தான் இந்தத் தண்டனை ஒழிக்கப்பட்டது. கான்ஸ்டன்டைனின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

தமிழிலும் ‘முத்திரை குத்துகிறார்கள்’ என்று சொல்லுகிறோமே. ஒருவரைப் பற்றி ஒரு பெயரை நிலைக்க வைத்துவிட்டால், ‘அவன்மேல் முத்திரை குத்திவிட்டார்கள்’ என்கிறோம். கிரேக்கச் சொல்லின் மிகச் சரியான தமிழ் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் ‘குத்திவிட்டார்கள்’ என்ற வார்த்தையில் குத்தியவர்களும் இருக்கிறார்கள். களங்கம் என்றால் அந்த மனிதனை மட்டும் பார்ப்போம். முத்திரை குத்தினார்கள் என்றால், யார் என்று கேட்போம்.

பவுல் தரித்த குறி

புதிய ஏற்பாட்டில் ‘ஸ்டிக்மா’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில், தன் சரீரத்தில் கர்த்தராகிய இயேசுவின் ஸ்டிக்மாட்டாவைத் தரித்திருப்பதாக அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார் (கலாத்தியர் 6:17). தமிழ் வேதாகமம் இதை ‘அச்சடையாளங்கள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது.

பவுலின் சரீரத்தில் என்ன அடையாளங்கள் இருந்திருக்கும்? லீஸ்திராவில் கல்லெறியுண்டு, மரித்தார் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள் (அப்போஸ்தலர் 14:19). ஐந்து தரம் ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று தரம் மிலாறுகளால் அடி (2 கொரிந்தியர் 11). இந்தத் தழும்புகளை அவர் மறைத்திருக்கலாம். ‘காயம்’ என்றோ ‘தழும்பு’ என்றோ எழுதியிருக்கலாம். அவர் வேண்டுமென்றே அடிமையின் நெற்றிக்குரிய சொல்லை எடுத்தார். நிருபத்தைக் கேட்ட கலாத்தியருக்கு அந்தச் சொல்லின் கேவலம் நன்றாகத் தெரியும். ‘ஆம், நான் குறி குத்தப்பட்டவன்தான். ஆனால் யாருக்குச் சொந்தமானவன் என்று பாருங்கள்’ என்பது போல அவர் பேசுகிறார்.

இன்னொரு அர்த்தமும் இருக்கலாம். எகிப்தில் நைல் நதியின் முகத்துவாரம் ஒன்றில் இருந்த கோயிலைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எந்த அடிமையாவது அங்கே அடைக்கலம் புகுந்து பரிசுத்தக் குறிகளைக் குத்திக்கொண்டு தன்னை அந்தத் தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்தால், அதன்பின் அவன்மேல் யாரும் கை வைக்கக்கூடாதாம். இதை வைத்து, பவுலின் வசனத்திலும் அந்தப் பாதுகாப்பின் சாயலைக் காணும் வேத அறிஞர்கள் உண்டு. இனி ஒருவரும் எனக்கு வருத்தம் செய்யவேண்டாம் என்று அதே வசனத்தில்தானே அவர் கேட்டுக்கொள்ளுகிறார்.

பிற்காலத்தில் இந்தச் சொல் சபையிலே தனி மரியாதை பெற்றது. 1224-இல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் தமது கைகளிலும் கால்களிலும் விலாவிலும் கிறிஸ்துவின் காயங்களைப் போன்ற அடையாளங்களைப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அவற்றை ஸ்டிக்மாட்டா என்றே அழைத்தார்கள். ஒரே சொல், ஒருமையில் இழிவையும் பன்மையில் பக்தியையும் குறிக்கிற அளவுக்கு மாறிவிட்டது.

தேமலும் குறியும்

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். 1963-இல் எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியல் அறிஞர் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதன்பின் வியாதியஸ்தர், ஊனமுற்றோர், சிறை சென்றவர் என்று சமுதாயம் தள்ளிவைக்கிற எல்லாருடைய நிலைமைக்கும் இது பொதுச் சொல்லாகப் பரவியது. அவர்களில் மிகப் பழைய காலந்தொட்டுக் குறி சுமப்பவர்கள் தொழுநோயாளர்களே.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் டாக்டர் ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்தார். இது பரம்பரை நோயல்ல, சாபமுமல்ல. ஒரு கிருமியினால் வருவது. பெரும்பாலான மனிதருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரை செய்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகும். 1995 முதல் இந்த மருந்து உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது.

நோய் பலருக்கு ஒரு தேமலாகத் தொடங்கும். டாக்டர் அந்தத் தேமலை மெல்லத் தொட்டும், கூரான முனையால் லேசாகக் குத்தியும் பார்ப்பார். அங்கே உணர்ச்சி இராது. நோய் வைத்த புள்ளியில் ஊசி பட்டாலும் வலியில்லை. ஊர் குத்தும் குறியோ வலிக்கிறது; மாத்திரை சாப்பிட்டு நோய் தீர்ந்தபின்னும் வலிக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர், பந்தியில் ஓர் ஓரம், ஆலயத்தில் கடைசிப் பெஞ்சு, பிள்ளைகளுக்கு வரன் பேசும்போது ஒரு கிசுகிசு. இவற்றில் எதையும் கிருமி செய்யவில்லை.

இதனால் உண்டாகும் நஷ்டம் பெரிது. தேமலைக் கண்ட ஒருவர், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து மறைக்கிறார். மாதங்கள் போகின்றன, வருஷங்களும் போகின்றன. அதற்குள் நரம்பு கெட்டு, விரல் மடங்கி, பாதத்தில் புண் வந்துவிடுகிறது. 2023-இல் உலகத்தில் 1,80,000-க்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்பட்டது. அதில் பாதிக்கு மேல் நம் இந்தியாவில். கண்டுபிடிக்கும் நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு இருந்தவர்கள் 9,000-க்கு மேல். மருந்து இருக்கிறது, அதுவும் இலவசம். குறிக்குப் பயந்து ஒளிந்ததும் இந்த ஊனத்துக்கு ஒரு காரணம்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார் என்பது உங்களில் பலர் அறிந்ததே. கைகளை மட்டுமல்ல, அமுங்கிப்போன மூக்கையும் உதிர்ந்துபோன புருவத்தையும் திரும்ப உண்டாக்கும் சிகிச்சையையும் அவரும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். புருவம் இல்லாவிட்டால் கை வேலை செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். ஆனால் வேலை கொடுக்கிறவர் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார். எப்பிதவுரஸுக்கு நெற்றிக் குறியோடு வந்த மனிதனின் ஏக்கமும் இதுவே.

சட்டத்தில் குத்திய குறி

குறி சட்டப் புத்தகத்திலும் இருந்தது. 1898-இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், நோயுற்ற ஏழைகளைப் பிடித்து அடைத்து வைக்க வழி செய்தது. அந்தச் சட்டம் முழுமையாக நீக்கப்பட்டது 2016-இல்தான்.

கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. நமது விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் ஆண்டினது. 2001-இல் அதைத் திருத்தியபோது, குணப்படுத்த முடியாத கடுமையான தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று புதிதாகச் சேர்த்தார்கள். கூட்டு மருந்து வந்து இருபது வருஷம் ஆனபின்பு, குணமாகிற நோயைக் குணமாகாதது என்று எழுதினார்கள்! 2019-இல் பாராளுமன்றம் இந்தச் சட்டத்திலிருந்தும், மற்ற மதத்தாருக்குரிய விவாகச் சட்டங்களிலிருந்தும் அந்தக் காரணத்தை நீக்கியது. ஒரு கை எழுதியதை இன்னொரு கை அடித்துவிட்டது. குறியை நீக்க முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

வேதத்தின் பெயரால் குத்தப்பட்ட குறியைப் பற்றியும் சொல்லவேண்டும். லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் வரும் எபிரெயச் சொல், வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும்கூட வரக்கூடிய ஒன்றைக் குறிக்கிறது. நாம் இன்று தொழுநோய் என்று அறிகிற நோய் துணியில் வராது, சுவரில் வராது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதற்குச் செதிலாக உரிவதைக் குறிக்கும் ‘லெப்ரா’ என்ற சொல்லை வைத்தார்கள். நூற்றாண்டுகள் சென்றபின் அந்தப் பெயர் இந்த நோய்க்கு வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு தீட்டு என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அதே 14-ஆம் அதிகாரத்தை முழுதும் வாசியுங்கள். சுகமானவரைப் பார்க்க ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போகிறான். பின்பு பலியின் இரத்தத்தையும் எண்ணெயையும் எடுத்து, அவருடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறான். ஆரோனையும் அவன் குமாரரையும் ஆசாரியராக அபிஷேகம் செய்தபோது இரத்தம் பூசிய இடங்களும் இவையே (லேவியராகமம் 8:23, 24). வெளியே தள்ளப்பட்டிருந்தவர் திரும்பி வரும்போது அவர்மேல் வைக்கப்படுவது ஆசாரியனுக்குரிய அடையாளம். தள்ளிவைத்த பகுதியை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். சேர்த்துக்கொண்ட பகுதியை மறந்துவிட்டார்கள்.

நம் கைகள் செய்யக்கூடியது

பிரியமானவர்களே, நீங்கள் கொடுக்கிற காணிக்கை மருந்தாகவும், கட்டாகவும், காலணியாகவும் மாறுகிறது. அதற்காக நன்றி. ஆனால் காணிக்கையினால் மட்டும் நீக்க முடியாத ஒன்றைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். ஆகையால் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, வார்த்தை. 1948-இல் கியூபாவின் ஹவானா நகரில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு, நோயின் பெயரையே மனிதனுக்குப் பெயராக வைக்கும் பழைய சொல்லைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. தமிழிலும் ‘குஷ்டரோகி’ என்ற சொல்லை விட்டுவிடுவோம். தொழுநோய் கண்டவர் என்று சொல்லலாம். குணமானவரை அவருடைய பெயரைச் சொல்லி மாத்திரம் அழைக்கலாம். ஞாயிறு பள்ளியில் வேதக் கதை சொல்லும்போதும், பாவத்துக்கு உவமையாக இந்த நோயை எடுக்கும்போதும், அதே அறையில் இந்த நோய் வந்து குணமான ஒருவரின் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, படம். ஊழியங்களுக்கு உதவி கேட்கும் பத்திரிகைகளில் மடங்கிய விரல்களையும் புண்பட்ட பாதங்களையும் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மனதை உருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒருவருடைய முகத்தை அவருடைய மனப்பூர்வமான சம்மதமில்லாமல் ஆயிரம் வீடுகளுக்கு அனுப்பினால், அதுவும் நெற்றியில் எழுதுவதுதான். படத்தைப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று நீங்கள் கேட்காமல் இருந்தால், அனுப்பவேண்டிய அவசியமும் குறையும்.

மூன்றாவது, இடம். உங்கள் சபையில், உங்கள் தெருவில், இந்த நோயிலிருந்து குணமானவரோ, காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரோ, மனநோயிலிருந்து தேறி வந்தவரோ இருந்தால், அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வீட்டில் காபி கொடுத்தால் குடியுங்கள். கலியாணப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கலிலேயாவில் தம்மிடம் வந்தவரை இயேசு ஒரு வார்த்தையினாலேயே சுகமாக்கியிருக்கலாம். ஆனாலும் கையை நீட்டித் தொட்டார் (மாற்கு 1:41). வியாதிக்கு வார்த்தை போதுமாயிருந்தது. குறிக்குக் கை வேண்டியிருந்தது.

அன்று நெற்றியில் குத்தியதும் கைதான். சட்டத்தில் எழுதியதும் கைதான். அந்தச் சட்டத்தை அடித்ததும், மடங்கிய விரலை நிமிர்த்தியதும் கைகளே. நம்முடைய கைகளையும் கர்த்தர் அந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி ஜெபியுங்கள். வார்டுகளில் இருக்கிறவர்களையும், சுகமாகி வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டிருக்கிறவர்களையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.